பள்ளியில் பி பிளஸ், கல்லூரியில் ரெமீடியல் வகுப்பு: பொறுப்பு யாருடையது?

வாசகர் கேள்வி

நாங்கள் நியூ ஜெர்சியில் பதினான்கு ஆண்டுகளாக வசித்து வருகிறோம். என் மகன் கடந்த ஜூன் மாதம் இங்குள்ள அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து டிப்ளமா வாங்கினான். கணிதத்தில் எப்போதும் பி அல்லது பி பிளஸ். ஒருமுறைகூட சி வாங்கியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2 முடித்தான். பன்னிரண்டில் பள்ளிக் கவுன்சிலர் சொன்னபடி நிதிக் கணிதம் எடுத்தான். செலவைக் குறைப்பதற்காக முதல் இரண்டு ஆண்டுகளைக் கவுன்டி கல்லூரி எனும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக் கணினி அறிவியல் படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். கல்லூரியில் சேரும்போது ஆகஸ்டில், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் அக்யூபிளேசர் தேர்வு வைத்தார்கள். கல்லூரிக் கணிதத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி, பள்ளிக் கணிதத்தையே மீண்டும் கற்பிக்கும் ரெமீடியல் பாடங்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டணம் உண்டு, பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் கிடையாது. அப்படியானால் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளி கற்றுக்கொடுத்தது என்ன? இது யாருடைய தவறு? இந்தக் கட்டணத்தைப் பள்ளியிடம் கேட்க முடியுமா? மகன் யாரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறான். மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கும் இதே நிலை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு தாய், நியூ ஜெர்சி

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த மாநிலத்துக் கவுன்டி கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். அதில் பெரும்பகுதி, உங்கள் மகனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அந்த ரெமீடியல் வகுப்புகளில்தான் கழிந்தது. ஆகவே உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை, வருத்தம்தான் ஏற்பட்டது. யார் பொறுப்பு என்ற கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிப்ளமா வாங்குவதற்குப் பள்ளி வைத்திருக்கும் அளவுகோல் வேறு, வகுப்பில் உட்காருவதற்குக் கல்லூரி வைத்திருக்கும் அளவுகோல் வேறு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பது பள்ளிக்கும் தெரியும், கல்லூரிக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அதை மாணவனிடம் உரிய காலத்தில் யாரும் சொல்லாமல் விட்டதுதான் தவறு; அந்தத் தவறில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் கட்டணத்தையும் காலத்தையும் இழப்பவன் மாணவன் ஒருவன்தான்.

அந்த இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் மகனையே வைத்துப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் டிப்ளமா பெறக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். அதில் கணிதத்துக்கு 15, அதாவது மூன்று ஆண்டுகள். அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அவற்றை அடிப்படையாகக் கொண்ட மூன்றாவது பாடம் ஒன்று: விதி கேட்பது இவ்வளவுதான். இதற்கு மேல், பதினொன்றாம் வகுப்பில் மாநிலம் நடத்தும் பட்டமளிப்புத் தகுதித் தேர்வு ஒன்று இருக்கிறது. அதன் கணிதப் பகுதி அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி ஆகிய இரண்டோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலப் பகுதி பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்தது. இவற்றில் தேறியவனுக்கு டிப்ளமா கொடுக்கும் பள்ளி, சட்டப்படி தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. கணினி அறிவியல் படிக்க வருகிறவனோ கால்குலஸில் (நுண்கணிதத்தில்) தொடங்கியாக வேண்டும். கால்குலஸுக்கு முன்னால் பிரீகால்குலஸ், அதற்கு முன்னால் நன்றாக ஊறிய அல்ஜீப்ரா 2. மாநிலத்தின் தேர்வு நிற்கும் இடத்துக்கும் உங்கள் மகன் தொடங்க வேண்டிய இடத்துக்கும் நடுவே இரண்டு படிகள் இருக்கின்றன. டிப்ளமாவில் அரசு முத்திரை இருப்பதைப் பார்த்து, அது கல்லூரிக்கான நுழைவுச் சீட்டு என்று நம்பியது உங்கள் பிழை அல்ல. அப்படி நம்பும்படிதான் எல்லோரும் பேசுகிறார்கள்.

அடுத்து, அந்த பி பிளஸ். நம் ஊர்ப் பள்ளிகளில் பொதுத்தேர்வு மதிப்பெண் என்பது ஒருநாள் மூன்று மணி நேரத்தில் எழுதியதன் விலை. இங்கே கிரேடு என்பது பல பொருள்கள் சேர்ந்த கலவை. வீட்டுப்பாடத்தைத் தவறாமல் கொடுத்ததற்கு ஒரு பங்கு, வகுப்பில் பங்கேற்றதற்கு ஒரு பங்கு, தேர்வில் செய்த பிழைகளைத் திருத்தி மீண்டும் கொடுத்ததற்கு ஒரு பங்கு. இவை தேவையற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். உழைப்பை மதிப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கலவையிலிருந்து 'இவனுக்கு இயற்கணிதம் எவ்வளவு தெரியும்' என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. கல்லூரிச் சேர்க்கைக்கான ஏ.சி.டி. தேர்வு எழுதும் மாணவர்களின் சராசரிப் பள்ளி ஜி.பி.ஏ. (4.0 அளவிலான கிரேடு சராசரி) 2010-இல் 3.22 ஆக இருந்தது, 2021-இல் 3.39 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் அவர்களுடைய தேர்வு மதிப்பெண் உயரவில்லை, சற்றுக் குறைந்தது. தேசிய அளவில் நடத்தப்படும் என்.ஏ.ஈ.பி. மதிப்பீட்டில், 2024-இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் 45 சதவீதம் பேர் கணிதத்தில் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தார்கள். கல்லூரிக் கணிதத்துக்குத் தயார் என்று கருதத்தக்கவர்கள் 33 சதவீதம் பேர். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குழு 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைவிடக் கடுமையானது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர், உயர்நிலைப் பள்ளிக் கணிதத் தரத்துக்கும் கீழே இருந்ததாக அது சொல்கிறது. அங்குள்ள ரெமீடியல் கணித வகுப்பில் 2024-இல் உட்கார்ந்திருந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பள்ளியில் கணிதத்துக்கு 4.0 வாங்கியவர்கள். கடும் போட்டியைத் தாண்டித்தான் நுழைய முடியும் என்ற பெயருள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நிலை இது. இந்த எண்களை உங்கள் மகனிடம் காட்டுங்கள். அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை, இந்த நாட்டில் தனக்கு மட்டுமே இப்படி நேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

இந்த இடைவெளி ஒரு மாணவனின் தாளில் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அறைக்கு ஒரு மாணவன் வந்தான். உங்கள் மகனைப் போலவே பள்ளியில் நல்ல கிரேடு, கல்லூரி வகுப்பைத் தீர்மானிக்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் குறைந்த மதிப்பெண். இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கொடுத்தேன். கால்குலேட்டரில் வரைபடம் போட்டு, வளைகோடு அச்சை வெட்டும் இடங்களைப் படித்து, விடையைச் சரியாகச் சொல்லிவிட்டான். பிறகு கால்குலேட்டரை ஒதுக்கி வைக்கச் சொல்லி, எக்ஸோடு ஐந்தைக் கூட்டி, வந்ததை வர்க்கப்படுத்தச் சொன்னேன். எக்ஸ் வர்க்கம், அதோடு இருபத்தைந்து என்று தயங்காமல் எழுதினான். எக்ஸுக்குப் பதிலாக ஒன்று என்று வைத்துப் பார் என்றேன். ஒன்றும் ஐந்தும் ஆறு, ஆறின் வர்க்கம் 36; அவன் எழுதியதில் ஒன்றும் இருபத்தைந்தும் சேர்ந்து 26. அந்த இரண்டு எண்களையும் அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, "நடுவில் ஒரு பத்து எக்ஸ் வரும், இல்லையா சார்? ஒன்பதாம் வகுப்பில் படித்தேன்" என்றான். அவனுக்கு அது கற்பிக்கப்பட்டிருந்தது, அவனும் கற்றிருந்தான். அதற்குப் பிறகு எந்தத் தேர்வும் கையால் அதைச் செய்யும்படி அவனைக் கேட்கவில்லை. என் வகுப்புகளில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை: பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளையும் சேர்த்துக் கூட்டிவிடுவது, அடைப்புக்குறிக்கு முன்னாலுள்ள குறை அடையாளத்தை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு அடுத்ததை மறந்துவிடுவது. அறிவுக் குறைவு இதற்குக் காரணமில்லை, பழக்கம் விட்டுப்போனதுதான் காரணம்.

உங்கள் மகனின் கதையில் அந்தப் பழக்கம் எங்கே விட்டுப்போனது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு ஜூனில் அல்ஜீப்ரா 2 முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் வட்டி, வரி, வரவு செலவு என்ற கணக்குகள். அடுத்த ஆகஸ்டில் பிளேஸ்மென்ட் தேர்வு. பதினான்கு மாதங்கள் அவன் இயற்கணிதத்தைத் தொடவே இல்லை. நிதிக் கணிதம் வாழ்க்கைக்குப் பயனுள்ள பாடம். ஆனால் கணினி அறிவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன பிள்ளையிடம், 'அப்படியானால் இந்த ஆண்டு பிரீகால்குலஸ் எடு, இல்லையென்றால் கல்லூரியில் பின்னால் தள்ளப்படுவாய்' என்று கவுன்சிலர் சொல்லியிருக்க வேண்டும். பள்ளியின் பொறுப்பு என்று நான் கருதுவது குறிப்பாக இதைத்தான். ஆசிரியர்கள் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. நாளொன்றுக்கு ஐந்து வகுப்புகள் எடுத்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தாள்களைத் திருத்துகிறவர்கள் அவர்கள்; ஒரு பிள்ளைக்கு சி போட்டால் வீட்டிலிருந்து வரும் மின்னஞ்சலுக்கும், நிர்வாகம் கேட்கும் விளக்கத்துக்கும் அவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி கல்லூரியின் பங்கு. நான் சார்ந்திருக்கும் தரப்பு என்பதால் இதைக் கூடுதல் கண்டிப்போடு சொல்ல விரும்புகிறேன். அக்யூபிளேசர் என்பது காலேஜ் போர்டு நடத்தும் கணினித் தேர்வு. ஒரு கணிதத் தேர்வுக்கு இருபது கேள்விகள். நேர வரம்பு இல்லை. ஒரு கேள்விக்கு நீங்கள் கொடுக்கும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ வரும். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. சில கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே ஒன்று வரும். மதிப்பெண் 200-லிருந்து 300 வரை. அதில் எத்தனை எடுத்தால் கல்லூரிப் பாடத்தில் உட்காரலாம் என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்கிறது. இவற்றில் எதையும் தெரியாமல், 'சும்மா ஒரு தேர்வுதான், வந்து எழுதிவிட்டுப் போ' என்ற சொல்லை நம்பி, பல மாணவர்கள் மதிய வேலைக்குப் போகும் வழியில் வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். ஓர் ஆண்டுப் படிப்பின் போக்கைத் தீர்மானிக்கும் தேர்வு அது என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

அந்தத் தேர்வு சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இயங்கும் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2012-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, அப்போது பயன்பாட்டிலிருந்த பிளேஸ்மென்ட் தேர்வுகள் கணிதத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரையும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரையும் பெரிதும் தவறான வகுப்பில் போட்டுவிட்டிருந்தன. நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் உட்கார்ந்திருந்தால் பி வாங்கியிருக்கக்கூடியவர்கள் ரெமீடியலுக்குத் தள்ளப்பட்டதே அவற்றில் அதிகம். பள்ளி கிரேடுகள் ஊதிப் பெருத்தவை என்று சற்று முன்புதான் சொன்னேன். ஆயினும் ஒரு மாணவன் கல்லூரியில் தேறுவானா என்பதை முன்கூட்டிக் கணிப்பதில், ஒருநாள் எழுதிய அந்தச் சிறு தேர்வைவிட நான்கு ஆண்டுப் பள்ளி ஜி.பி.ஏ. மேலானது என்றுதான் அந்த ஆய்வுகள் காட்டின. இரண்டும் உண்மை. ஜி.பி.ஏ. ஒருவனுக்கு எவ்வளவு கணிதம் தெரியும் என்பதைச் சரியாகச் சொல்லாமல் இருக்கலாம்; அவன் வகுப்புக்கு வருவானா, வேலையை முடித்துக் கொடுப்பானா என்பதைச் சொல்லிவிடுகிறது, கல்லூரியில் தேறுவதற்கு அதுவும் வேண்டும்.

ரெமீடியல் பாடங்களை வரிசையாக அடுக்கி வைத்தால் அடித்தளம் உறுதியாகும் என்று நானும் பல ஆண்டுகள் உறுதியாக நம்பியிருந்தேன். வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அது ஓரளவு உண்மைதான். ஆனால் முதல் பாடத்தில் தேறியவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாவதற்குப் பதிவே செய்வதில்லை. வேலை, குடும்பம், மனச்சோர்வு என்று ஏதாவதொன்று இடையில் புகுந்துவிடுகிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் (நம் கவுன்டி கல்லூரி போன்றவை) 2013-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ரெமீடியல் இயற்கணிதம் தேவை என்று தேர்வு சொன்ன மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை வழக்கமான ரெமீடியலிலும், இன்னொரு பிரிவினரை நேரடியாகக் கல்லூரிப் புள்ளியியல் வகுப்பிலும் உட்கார வைத்து, பின்னவர்களுக்கு வாரந்தோறும் கூடுதல் பயிலரங்கு ஒன்று நடத்தினார்கள். ரெமீடியலில் தேறியவர்கள் 39 சதவீதம். கடினமான பாடமாகிய புள்ளியியலில் தேறியவர்கள் 56 சதவீதம். இந்த முடிவைப் படித்தபோது, என் பழைய வகுப்புகளில் பாதியிலேயே காணாமல்போன முகங்கள் பல எனக்கு நினைவுக்கு வந்தன.

இதையெல்லாம் பார்த்துத்தான் பல மாநிலங்கள் வழியை மாற்றிக்கொண்டன. ஃபுளோரிடா 2013-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தன் அரசுப் பள்ளிகளிலிருந்து அண்மைக் காலத்தில் டிப்ளமா பெற்ற பெரும்பாலோருக்கு ரெமீடியலைக் கட்டாயமில்லை என்றாக்கியது. டென்னசி 2015 முதல் கல்லூரிப் பாடத்தோடு துணை வகுப்பையும் சேர்த்தே நடத்துகிறது. கலிஃபோர்னியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி கிரேடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் யாரையும் ரெமீடியலுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. கல்லூரிப் பாடத்தையும் அதற்கான துணை வகுப்பையும் ஒரே பருவத்தில் சேர்த்து எடுக்கும் இந்த முறைக்குக் கோரெக்விசிட் என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் நீங்கள் கேட்க வேண்டிய சொல் இது.

கட்டணத்தைப் பள்ளியிடம் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. அப்படி ஒரு யோசனை எழாமல் இல்லை. மெய்ன் மாநிலத்தில் 2013-இல் ஆளுநரே அதை முன்வைத்தார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை, காரணத்தையும் சொல்கிறேன். தன் மாணவன் கல்லூரியில் ரெமீடியலில் விழுந்தால் தானே பணம் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், சற்றுத் தயக்கமுள்ள பிள்ளையிடம் 'உனக்குக் கல்லூரி எதற்கு' என்று சொல்லிவிடுவதுதான் பள்ளிக்கு மலிவான வழியாக இருக்கும். அதிகம் தண்டம் கட்ட வேண்டியிருப்பதும் வசதி குறைந்த ஊர்களின் பள்ளிகளாகத்தான் இருக்கும். அவர்கள் அந்தப் பணத்தை எடுப்பது கணித ஆசிரியரின் சம்பளத்திலிருந்துதான். தவறான வகுப்பில் போடப்பட்டவனுக்கும் பள்ளியே பணம் கட்டினால், தன் தேர்வைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணமே கல்லூரிக்கு வராது. எனக்கு நியாயமாகப் படுவது வேறொன்று: கிரெடிட் கொடுக்காத பாடத்துக்குக் கல்லூரி முழுக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தக் கல்விக்காகப் பள்ளிக் காலத்தில் வரியாக ஒருமுறை கட்டிவிட்டீர்கள். இன்னொரு முறை கட்டச் சொல்வது முறையல்ல. இதை என் கல்லூரியின் கூட்டங்களிலும் சொல்லி வருகிறேன். கட்டணம் இன்னும் குறையவில்லை.

இப்போது செய்ய வேண்டியவை. பதிவுக்கான கடைசி நாள் நெருங்குவதற்கு முன் கல்லூரியின் பாட ஆலோசகரான அட்வைசரிடம் நேரம் வாங்கி, மகனை அழைத்துக்கொண்டு போங்கள். அவனே பேச வேண்டும், நீங்கள் உடன் இருந்தால் போதும். கல்விப் பதிவுகளைப் பற்றிய கூட்டாட்சிச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த பிறகு அவற்றின் மேலான உரிமை மாணவனுக்கு உரியது. அவன் அனுமதியில்லாமல் அட்வைசர் உங்களிடம் விவரம் சொல்லத் தயங்குவார். பள்ளியின் முழு மதிப்பெண் பட்டியல், கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி. எழுதியிருந்தால் அதன் மதிப்பெண், மாநிலத் தேர்வு அறிக்கை ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அக்யூபிளேசர் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் இவற்றையும் சேர்த்துப் பார்த்து வகுப்பை மாற்ற முடியுமா என்று அவன் கேட்கட்டும். பல கல்லூரிகளில் அதற்கு வழி இருக்கிறது. கேட்காதவர்களுக்கு யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை. அதற்கு வழியில்லை என்றால் மறுதேர்வு உண்டா, எத்தனை நாள் கழித்து என்று கேட்கட்டும். மறுதேர்வுக்கு முன் இரண்டு வாரமாவது, காலேஜ் போர்டு இலவசமாகத் தரும் பயிற்சிக் கேள்விகளைத் தாளில், கையால் செய்து பார்க்கட்டும். பதினான்கு மாதம் தொடாத பாடத்தில் இரண்டு வாரப் பயிற்சி எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டு ரெமீடியல் ஒன்றாகக் குறைவதே அடிக்கடி நடக்கும், சில சமயம் இரண்டும் விலகிவிடும்.

மறுதேர்விலும் நிலை மாறவில்லை என்றால், அந்தக் கோரெக்விசிட் வகுப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. சில அட்வைசர்கள் விரைவாக முடியட்டும் என்ற நல்லெண்ணத்தில் புள்ளியியல் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். உளவியலோ வரலாறோ படிக்கிறவனுக்கு அது மிகச் சரியான வழி. கணினி அறிவியலுக்குக் கால்குலஸ் வேண்டும். புள்ளியியல் வழியில் போனால் ஓராண்டு கழித்து மீண்டும் இதே இயற்கணிதத்துக்குத்தான் திரும்பி வந்து நிற்பான். ஆகவே அவன் மாற நினைக்கும் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பாடத்திட்டத்தையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

உண்மையிலேயே ஒரு ரெமீடியல் பாடம் தேவைப்படுகிறது என்றால், அதைக் கோடை அல்லது குளிர்காலக் குறும்பருவத்தில் முடிக்கலாம். அல்லது கணிதம் முன்தேவையாக இல்லாத கிரெடிட் பாடங்களோடு சேர்த்து எடுத்து, பருவம் வீணாகாமல் பார்த்துக்கொள்ளலாம். பணத்தைப் பொறுத்தவரை, கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை ரெமீடியல் பாடங்களுக்கும் பொருந்தும், 30 கிரெடிட் அளவு வரை; ஆனால் அந்த உதவித்தொகை ஒருவருக்கு வாழ்நாளில் பன்னிரண்டு முழுநேரப் பருவங்களுக்கு மட்டுமே உண்டு, ரெமீடியலில் செலவழியும் பருவமும் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் மகன் இன்னும் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருந்தால் இந்த உதவிக்குத் தகுதியில்லை என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன், ஏனெனில் நம்மவர்கள் பலர் விண்ணப்பித்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பள்ளிக்கும் நீங்கள் எழுத வேண்டும். புகாராக எழுதாமல், கேள்வியாக எழுதுங்கள். கல்லூரி அனுப்பிய பிளேஸ்மென்ட் முடிவை இணைத்து, 'உங்கள் பள்ளியிலிருந்து கவுன்டி கல்லூரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் ரெமீடியலில் உட்காருகிறார்கள் என்பதை நீங்கள் கேட்டு வைத்திருக்கிறீர்களா? பதினொன்றாம் வகுப்பிலேயே இந்தத் தேர்வை ஒரு முன்னோட்டமாக வைத்து, பன்னிரண்டாம் வகுப்பில் குறையைச் சரிசெய்ய ஏற்பாடு உண்டா?' என்று கேளுங்கள். டென்னசியில் இந்த ஏற்பாட்டை மாநில அளவிலேயே செய்தார்கள். கல்லூரியின் ரெமீடியல் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பள்ளியில் இருந்தபடியே, கட்டணமின்றி முடித்தார்கள். உங்கள் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பள்ளிக் குழுவின் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்பது நியூ ஜெர்சியின் சட்டம். நம் சமூகத்துப் பெற்றோர் அந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கக் கூச்சப்படுகிறார்கள். மூன்று நிமிடம் பேசத் தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும்.

உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. கல்லூரியில் என்ன படிக்க விரும்பினாலும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தை விடக் கூடாது. அறிவியல், பொறியியல், கணினி என்ற எண்ணம் இருந்தால் அந்த ஆண்டு பிரீகால்குலஸ் அல்லது அதற்கு மேல். ஒவ்வொரு பருவமும் கிரேடு வந்தவுடன், அந்தக் கிரேடில் தேர்வுக்கு எத்தனை பங்கு, வீட்டுப்பாடத்துக்கு எத்தனை பங்கு என்று அவளிடமே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பள்ளியின் இணையக் கணக்கில் அது இருக்கும். மாதம் ஒருநாள், கால்குலேட்டர் இல்லாமல் பத்துக் கணக்குகள். பின்னம், அடுக்கு, காரணிப்படுத்துதல் இவை போதும். நீங்கள் தமிழ்நாட்டில் படித்தவரானால் பத்தாம் வகுப்பில் இவற்றைப் பக்கம் பக்கமாகச் செய்திருப்பீர்கள். அவளோடு உட்கார்ந்து நீங்களும் செய்யலாம்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். மறுதேர்வுக்குப் பயிற்சி செய்யும்போது பிழையான கணக்குகளை அழிக்காமல், தனி நோட்டில் அப்படியே எழுதி வைக்கட்டும். எந்த வகைப் பிழை எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்க்கட்டும். பெரும்பாலும் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். அந்த நோட்டை அட்வைசரிடமும் பிறகு கணித ஆசிரியரிடமும் அவன் காட்டலாம். என் மேசைக்கு அப்படியொரு நோட்டோடு வரும் மாணவனிடம் எங்கிருந்து தொடங்குவது என்று நான் கேட்க வேண்டியிருக்காது.